வாசலில் கூவிய பெயர்

அன்புள்ள என்னங்க,

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உங்களை நான் இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும். நீங்கள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் எனக்கு வந்திருக்கிற கோபத்தை யாரிடம் போய்க் கொட்டுவது? உங்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

போன வெள்ளிக்கிழமை காலையில் உங்கள் படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஹெல்மட் போட்ட ஒரு புது ஆள் உங்கள் பெயரை முழுசாகச் சொல்லி, பின்னால் ‘மஹத்தயா’ என்று சிங்கள மரியாதையும் சேர்த்துக் கூப்பிட்டான். அலுவிகாரை ரோட்டில் ஓடுகிற லொறிச் சத்தத்தையும் மீறிக் கேட்க வேண்டுமே என்று தொண்டை கிழியக் கூப்பிட்டான். பக்கத்து வீட்டு மெனிக்கே வெளியே வந்து பார்த்தாள். பதில் வராததால் அவன் தன் போனை எடுத்து நம்பரை அடித்தான். உடனே உங்கள் போன் அலறியது. உங்கள் படத்துக்கு முன்னால், விளக்குக்குப் பக்கத்தில்.

வந்திருந்தது என்ன தெரியுமா? பருப்பு, வெங்காயம், இரண்டு சவுக்காரம். இதை வாங்கிக்கொள்ளத்தான் செத்துப்போன மனுஷனை வாசலுக்குக் கூப்பிட்டார்கள்.

எல்லாம் நம் மகன் சுரேஷின் ஏற்பாடு. உங்கள் கருமாதி முடிந்து கொழும்புக்குக் கிளம்புகிற அன்று, உங்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். “அம்மா, இனிமே நீங்க சாமான் வாங்க டவுனுக்கு அலைய வேணாம். நான் அங்கருந்தே ஓடர் பண்ணிருவேன், வீட்டுக்கே வந்துரும்” என்றான். நாம் ஞாயிற்றுக்கிழமை போவோமே, அதே சூப்பர் மார்க்கெட்தான். பில் போடும்போது நீங்கள் நீட்டுகிற கார்ட் உங்கள் பெயரில் அங்கே ஏற்கெனவே இருந்ததால் அந்தப் பெயரிலேயே எல்லாவற்றையும் போட்டுவிட்டான். ஒவ்வொரு ஓடருக்கும் இரகசிய நம்பர் உங்கள் போனுக்குத்தான் வருமாம், நான் அதைப் பார்த்து அவனுக்குச் சொல்ல வேண்டுமாம். அதனால் அந்தப் போனுக்கு நான் தினமும் சார்ஜ் போட வேண்டும். விளக்குக்கு எண்ணெய், போனுக்குக் கரண்ட். நல்ல கூத்து.

அப்போது பக்கத்தில் இருந்த உங்கள் தங்கச்சி சரசுவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். “அதுதான் சரி. வருஷம் திரும்பாம அண்ணி பையத் தூக்கிக்கிட்டுத் தெருவுல போனா நாலு பேரு என்னா சொல்லுவாங்க?” என்றாள். மகன் என் முழங்காலை நினைத்துச் செய்தான், தங்கச்சி ஊர் வாயை நினைத்துத் தலையாட்டினாள். இரண்டு பேருக்கும் ஒரே போன் உதவியாகிவிட்டது. முன்பு புருஷன் போனவளை மூலையில் உட்கார வைத்தார்கள். இப்போது மூலைக்கே சாமான் வருகிறது, எழுந்திருக்கக் காரணமே இல்லை. இதற்குப் பெயர் வசதியா?

எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதானே வெளி உலகம்? நீங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு பிஸ்கட் பக்கம் ஒதுங்குவீர்கள். நான் கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பேன். “அதுக்கு என்னா ஜாதகமா பாக்குற?” என்று கேட்பீர்கள். பில் போடுகிற இடத்தில் நமக்கு ஒரு சண்டை நிச்சயம். அந்தச் சண்டைக்காகவே நான் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தேன் என்பது உங்களுக்குத் தெரியுமா?

இப்போது கத்தரிக்காயை யாரோ எடுக்கிறார்கள். தம்புள்ளையிலிருந்து மரக்கறி லொறி நம் கேட்டைத் தாண்டித்தான் கண்டிப் பக்கம் போகிறது. அந்தக் காய் எங்கெங்கோ போய், பொலித்தீன் சட்டை மாட்டிக்கொண்டு, வாடிப்போய் நம் கேட்டுக்கே திரும்பி வருகிறது. வல்லாரை கேட்டால் லெட்டிஸ் வருகிறது. இல்லாததற்குப் பதிலாம். பதில் என்றால் அவர்கள் மட்டும் முடிவு செய்வதா? லெட்டிஸில் சம்பல் போட்டுத் தின்றுபார்க்கட்டுமே, தெரியும்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அந்த ஆள் சாமானைக் கொடுக்கும் முன் ஒன்று கேட்டான். தமிழும் தெரிந்தவன்தான். “யார் பேருல ஓடர்? பேரச் சொன்னாத்தான் குடுக்கலாம் அம்மே.”

நான் உங்கள் பெயரைச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டபோது உங்கள் அடையாள அட்டையை நீட்டினேன். கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் கேட்டால் சுரேஷ் சொல்வான். புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று அம்மா சொல்லி வளர்த்தாள், பொத்திப் பொத்தி வைத்தேன். இப்போது வெங்காயப் பைக்காக அதைக் கேட்டில் நின்று சொல்ல வேண்டுமாம். என் வாய் திறக்கவில்லை. கடைசியில் மெனிக்கேதான் அங்கிருந்து சத்தம் போட்டு உங்கள் பெயரைச் சொன்னாள். அவள் சொல்ல, அவன் கொடுக்க, நான் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். உடம்பெல்லாம் எரிந்தது.

சுரேஷுக்குப் போன் போட்டேன்.

“அப்பா பேர அதுலருந்து எடு.”

“எடுத்தா பொயின்ட்ஸெல்லாம் போயிரும்மா.”

“என்னா போயிரும்?”

“அப்பா கார்ட்ல சேந்த பொயின்ட்ஸ்மா. ரொம்ப வருஷமா சாமான் வாங்கி வாங்கிச் சேந்தது, காசு மாதிரி.”

“அப்பாவே போயிட்டாருடா!” என்று கத்தினேன். நானே போனை வைத்துவிட்டேன். பிள்ளை கெட்டவன் இல்லை. ஆனால் எனக்கு எது கஷ்டம் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டானா?

ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலையை எடுத்துக் கட்டினேன். சரசு வந்திருந்தாள். “எங்க அண்ணி கெளம்பிட்டீங்க? வருஷம் திரும்பலியே!” என்றாள். “ஒங்க அண்ணனுக்குத்தான் வருஷம் திரும்பணும். எனக்கு பஸ் திரும்பிரப் போவுது, வழிய விடு” என்றேன். நீங்கள் இருந்திருந்தால் பேப்பரை மறைத்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள்.

மாத்தளை டவுனில் இறங்கி நடந்தேன். முழங்கால் வலித்தது. வலிக்கட்டும், என் முழங்கால்தானே? கத்தரிக்காயை நன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஜாதகம் பார்க்கிறாயா என்று கேட்க ஆளில்லை. அந்த இடத்தில் மட்டும் கண் கலங்கிவிட்டது. பிறகு பில் போடும் பிள்ளையிடம் போய், ஒரு கார்டை நிறுத்த வேண்டும் என்றேன். நம் ஆட்களின் பிள்ளைதான், தமிழில் பேசினாள். “யாரு பேருலம்மா இருக்கு?”

“எங்க வீட்டுக்காரரு.”

“அவரே வந்து சொல்லணுமேம்மா.”

“அவரு இல்லம்மா. எறந்துட்டாரு.”

அவள் முகம் மாறியது. மெதுவாகக் கேட்டாள். “பேரு சொல்லுங்கம்மா, நானே பாத்து எடுக்கச் சொல்றேன்.”

என் பின்னால் ஆட்கள் நின்றார்கள். கையில் உங்கள் அடையாள அட்டை இல்லை, பக்கத்தில் மகன் இல்லை. உங்கள் மேல் அப்போதுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. ஆயுள் குறையக் கூடாது என்றுதானே இத்தனை காலம் வாயைக் கட்டி வைத்திருந்தேன்? நான் சொல்லாமலே குறைந்துவிட்டதே! பிறகு யாருக்காக இந்தக் கட்டு? வாசலில் எவனும் கூவலாம், மெனிக்கே சொல்லலாம், நான் மட்டும் சொல்லக் கூடாதா?

சொல்லிவிட்டேன். சத்தமாகவே சொன்னேன்.

அந்தப் பிள்ளை அதை எழுதிக்கொண்டாள். பொயின்ட்ஸ் எல்லாம் போய்விடும் என்றாள். போகட்டும் என்றேன். வீட்டுக்கு வந்ததும் உங்கள் போனை அணைத்து அலுமாரியில் வைத்தேன். சுரேஷிடமும் சொல்லியாகிவிட்டது. ஏதோ முனகினான், பிறகு “பஸ்ல பாத்துப் போங்கம்மா” என்றான்.

இனி ஒவ்வொரு ஞாயிறும் நான்தான் போவேன், சண்டை போட ஆளில்லாவிட்டாலும் போவேன். எந்தச் சாமானுக்காகவும் உங்களை யாரும் வாசலுக்குக் கூப்பிட மாட்டார்கள். வருஷம் திரும்புகிற அன்று கோயிலில் ஐயர் பெயர் கேட்பார். சுரேஷ் பக்கத்தில் சும்மா நிற்கட்டும். நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
சண்முகராஜாவின் மனைவி
பார்வதி