சின்ன எழுத்தில் வந்த சேதி

அன்புள்ள என்னவருக்கு,

நானும் நம் மகள் வாலுவும் நலம். கப்பல் அடுப்படியில் கையைச் சுட்டுக்கொள்ளாமல் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாளைக் காலை உங்கள் கம்பெனி ஆபீஸிலிருந்து தபால் பை கிளம்புகிறதாம். அதற்குள் இதைச் சேர்த்துவிட வேண்டும். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சந்தோஷத்தில் அவசர அவசரமாக எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவருக்குப் புதுக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பு பஸ் ஓட்டியவர். கிட்டப் பார்வைக்கு வாசிக்கக் கொடுக்கும் அட்டையை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். கைப்பையைத் துழாவினேன். கிரெடிட் கார்டு பில்லோடு வந்த காகிதம்தான் கிடைத்தது. அதன் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி நாலு வரி. வாசியுங்கள் என்று நீட்டினேன். அவர் நிதானமாக வாசித்துவிட்டு, "கண்ணாடி பிரமாதம்மா. ஆனா சேதிதான் நல்லால்ல. அடுத்த மாசத்துலேர்ந்து வட்டி மாசம் மூணுலேர்ந்து நாலாகுதாம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நமக்கு வட்டி இரண்டு சதவீதம்தானே, மூன்று எங்கிருந்து வந்தது?

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கோபப்படாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் போன வருஷத்துக் காகிதங்களையெல்லாம் கிளறினேன். வட்டி ஏறிய சேதி எங்கும் இல்லை. கடைசியில் வாலுவின் சட்டை அலமாரியில், தட்டில் ஒரு காகிதம் விரித்திருந்தேன் பாருங்கள், அதில் இருந்தது. இரண்டு மூன்றாகிறது என்று அப்போதே எழுதியிருக்கிறார்கள். நான்தான் படித்துக்கூடப் பார்க்காமல் சட்டைக்கு மெத்தை போட்டிருக்கிறேன். "பத்து மாசமா கட்டுறோம், கடன் ஏன் நட்டு வச்ச மாதிரி நிக்குது?" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்களே, அதற்குப் பதில் இதுதான். கட்டியதில் முக்கால்வாசி வட்டிக்கே போயிருக்கிறது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உங்கள் வியர்வை அல்லவா?

அழுது முடித்துவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியை வைத்துப் புதுக் காகிதத்தை ஒரு புள்ளி விடாமல் வாசித்தேன். கடைசி வரியில் விஷயம் இருந்தது. புது வட்டிக்குச் சம்மதம் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் கார்டை ரத்து செய்துவிடுவார்கள். பாக்கியைப் பழைய வட்டியிலேயே தவணையாகக் கட்டலாம். எழுதிக் கொடுக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தமாம். கடைசி நாள் இன்று, மாலை நாலு மணி!

அரை நாள் லீவு போட்டு ஓடினேன். பேங்கில் முதல் மேஜைப் பையன், "இதெல்லாம் போன்ல சொன்னாப் போதும் மேடம்" என்றான். போனில் அரை மணி நேரம் பாட்டுதான் கேட்டது. மணி மூன்றேகால். நேராக மேனேஜர் அம்மா முன்னால் போய் நின்றேன். அவர், அப்படி ஒரு விதியே கிடையாது என்றார். காகிதத்தைக் கொடுத்தேன். கண்ணைச் சுருக்கினார், தூரத் தள்ளிப் பிடித்தார், ஒன்றும் ஆகவில்லை. "நீங்களே படிங்க" என்றார். படித்தேன். படபடப்பில் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்கும் இதே காகிதம் வந்துச்சே, தூக்கிப் போட்டுட்டேனே!" என்று ஓர் அம்மா தலையில் கையை வைத்தார். தச்சுவேலைக்காரர் ஒருவர், "தங்கச்சி, எனக்கும் ஒண்ணு எழுதிக் குடும்மா" என்று காதிலிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார். பென்சில் செல்லாதே! பேனா கடன் வாங்கி அங்கேயே மூன்று பேருக்கு எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எல்லா மனுக்களையும் வாங்கிக்கொண்டார். மூன்று ஐம்பதுக்கு என் மனுவின் நகலில் முத்திரை விழுந்தது. கத்தரிக்கோல் வாங்கி என் கையாலேயே கார்டை இரண்டாக நறுக்கினேன்!

மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைக்க மாட்டார்களாம், அதையும் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் நாலு கிடையாது. பதினெட்டே தவணை. என் சம்பளத்தில் பாதி அதற்குச் சரியாகிவிடும். சனிக்கிழமைகளிலும் வேலைக்கு வருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லியாகிவிட்டது.

வரும் வழியில் இன்னொரு காரியமும் செய்தேன். பெரிய ஆஸ்பத்திரி சமையல்கூடத்துக்கு ஆள் தேடுகிறார்கள். உங்களைக் கேட்காமலே உங்கள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். சம்பளம் கப்பல் சம்பளம் இல்லைதான். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

இன்னும் ஒன்பது மாதத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் கேப்டன், இந்தக் கடனுக்காகப் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாலுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. "அப்பா வர்றதுக்குள்ள புதுப் பல்லு வந்துட்டா, அப்பா ஓட்டையைப் பார்க்க முடியாதே" என்று கவலைப்படுகிறாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல?

கேப்டனிடம் மரியாதையாக மறுத்துவிடுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். கடல் அமைதியாக இருக்கட்டும். நல்லபடியாக வந்து சேருங்கள்.

உங்கள் வரவை எண்ணியிருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி