இறங்கினாலும் ஒரே அணிதான், மச்சான்

பின்களத்தில் ஒருவரையும் தாண்டவிடாத என் மச்சான் குகனுக்கு,

லீக் முடிந்துவிட்டது. நாங்கள் இறங்கிவிட்டோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவன், முடிவு தெரியாமல் கதை கேட்க உனக்குப் பொறுமை கிடையாது. தேசிய லீக்கின் இரண்டாம் பிரிவில் ஒரு பருவம் முழுக்க ஆடினோம். கடைசிக்கு முந்திய இடத்தில் முடித்தோம். கடைசி இரண்டு அணிகளும் கீழே போகவேண்டும் என்பது சட்டம். இனி மாகாணச் சுற்றில் தொடங்கித்தான் மறுபடி ஏறிவர வேண்டும்.

வெட்கமாக இருக்கிறதா என்று கேட்பாய். இல்லையடா, துளியும் இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஊரும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த சிலதையும் சொல்லவேண்டி வரும், பொறுத்துக்கொள்.

கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் இடையில் இருப்பது கடலுக்கு இறங்கும் ஒரேயொரு குறுகிய பாதை, எங்கள் ஒழுங்கை. அந்த ஒழுங்கையின் இரண்டு பக்கமும் இரண்டு உதைபந்தாட்டக் கழகங்கள். கிழக்குக்கு நீ பின்களம், மேற்குக்கு நான் முன்களம். எத்தனை சுற்றுப்போட்டிகளில் மோதினோம்? அதில் எத்தனை ஆட்டம் முடியாமலே அடிபாட்டில் நின்றது? ஒருமுறை நீ என் கணுக்காலை உடைத்தாய். பந்தைத்தான் அடித்தேன் என்று கடைசிவரை சாதித்தாய். என்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குத் தனியாக வரத் துணிவில்லாமல் உன் தங்கச்சி வாசுகியையும் கூட்டிக்கொண்டு வந்தாய். அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். கால் ஆறியது, கலியாணம் நடந்தது, நீ எனக்கு மச்சான் ஆனாய். கழகங்கள் மட்டும் பகையாகவே இருந்தன.

இரண்டையும் ஒன்றாக்க வேண்டும் என்று முதலில் சொன்னவன் நீதான். கரையில் உன் படகின் எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு, கையெல்லாம் எண்ணெயோடு இருந்தாய்.

“ரெண்டு பகுதியும் அடிபட்டு அடிபட்டு என்னத்தைக் கண்டனாங்கள்? இந்த ஒழுங்கைக்கு அங்காலை எங்களை ஒருத்தருக்கும் தெரியாது. உங்கடை முன்களமும் எங்கடை பின்களமும் சேர்ந்தால் தேசிய லீக்குக்குப் போகலாம் தவம்.”

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அன்று பின்னேரமே வீடு வீடாக ஏறத் தொடங்கினாய். மேற்கில் உனக்குக் கதவு திறக்காத வீடுகளுக்கு என்னை முன்னால் விட்டாய். இரண்டு நிர்வாகமும் அரைமனதோடு தலையாட்டின. நீயே தலைவனும் நீயே பயிற்றுவிப்பாளனுமாக நின்று, முதல் வருஷத்திலேயே மாகாணச் சுற்றை வென்று காட்டினாய். வென்ற அன்று கிழக்காரும் மேற்காரும் ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி நெல்லியடிச் சந்தி வரைக்கும் போய்வந்தோம். உன் குரல் கட்டிப்போய்விட்டது. அடுத்த நாள் சைகையாலே கதைத்தாய்.

பிறகு அந்தக் காய்ச்சல். மாரி முடிந்து ஊரெல்லாம் டெங்கு என்று தெரிந்தும், சும்மா தடிமன், சளிக்காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு பயிற்சிக்கு வந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது காலம் பிந்திவிட்டது. இதற்காக உன்னோடு எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. எதிரணியில் எவன் எங்கே நிற்கிறான் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லுகிறவனுக்கு, தன் உடம்பு சொன்னது மட்டும் ஏன் கேட்கவில்லை?

லீக் தொடங்க ஒரு மாதம்கூட இருக்கவில்லை. நீ போன எட்டாம் நாள், உன் எட்டுச் செலவன்று படையல் முடிந்து எல்லோரும் முற்றத்தில் இருந்தபோது, கிழக்குக் கழகத்தின் பழைய தலைவர் கதையைத் தொடங்கினார். குகன் இல்லாமல் இது நிற்காது என்றார். லீக்கிலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டு அவரவர் பழைய கழகத்துக்குப் போவதுதான் மரியாதை என்றார். எங்கள் மேற்குப் பெரியவர்களும் உடனே ஓமென்றார்கள். எல்லோரும் இதற்காகத்தான் காத்திருந்தார்களோ என்று எனக்குப் பட்டது. செத்த வீட்டில் எதிர்த்துக் கதைப்பது முறையில்லை என்று நானும் இருந்துவிட்டேன்.

வாசுகி குசினி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. குரல் மட்டும் நேராக இருந்தது.

“அண்ணைக்காக அழுறன். அவர் கட்டினதை நீங்கள் உடைக்கிறதுக்கும் சேர்த்து அழ என்னாலை ஏலாது. பெடியள் விளையாடுவினம். இவர் பழக்குவார்.”

‘இவர்’ என்றது என்னை. என்னை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்களத்தில் நின்று பந்து வரவில்லை என்று கத்துவதைத் தவிர உதைபந்தாட்டத்தில் எனக்கு வேறொன்றும் தெரியாது என்று உனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த முற்றத்தில், உன் படத்துக்கு முன்னால், இல்லை என்று சொல்ல முடியுமா?

தொடக்கம் கேவலம், மச்சான். மறைக்கமாட்டேன். விடியவே வெளிக்கிட்டு, பகல் முழுக்கப் பஸ்ஸில் இருந்து தெற்கே போவோம். பஸ்ஸில் கிழக்குப் பெடியள் முன்னால், மேற்குப் பெடியள் பின்னால். நீ இருந்தபோது உனக்குப் பயந்து கலந்திருந்தவர்கள், நீ போனதும் தானாகப் பிரிந்துபோனார்கள். ஆட்டத்திலும் அப்படித்தான். கிழக்குப் பெடியன் வெட்டியெடுத்த பந்தை மேற்குப் பெடியனுக்குக் கொடுக்க மனமில்லாமல் கோட்டுக்கு வெளியே அடித்தான். தோல்வி, மறுபடி தோல்வி, எப்படியோ ஒரு சமநிலை, மறுபடி தோல்வி. எங்களோடு ஆடுவது மற்ற அணிகளுக்கு ஓய்வு நாள் என்று ஆரோ முகநூலில் எழுதினார்கள். எங்கள் ஊர்க்காரரே அதைப் பகிர்ந்தார்கள்.

போதாததற்கு எங்கள் சொந்த மைதான ஆட்டங்களும் தெற்கில்தான். எங்கள் மைதானம் மேடும் பள்ளமும், சுற்றி வேலி இல்லை, உடை மாற்ற அறை இல்லை என்று லீக் அலுவலகம் சொல்லிவிட்டது. சொந்த மைதானம் என்ற பெயரில் முன்பின் தெரியாத ஊரில், எங்களுக்காக ஒருவரும் கைதட்டாத இடத்தில் ஆடினோம்.

எல்லாம் திரும்பியது தெற்கே காலி நகரப் பக்கத்தில் ஒரு மழை நாளில். இடைவேளைக்கு முன்னமே நான்கு கோல் வாங்கிவிட்டோம். உடை மாற்றும் அறையில் ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை. மேற்கில் எங்கள் முன்கள வீரன் டிலக்சன் குனிந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கினான்.

“இனி இறங்கேல்லை அண்ணை. சிரிக்கிறதுக்கு வேறை ஆரையும் பிடிக்கட்டும்.”

நீயென்றால் அவனை இருத்த ஒரு சொல் வைத்திருப்பாய். இரண்டாவதாக ஒருவன் பூட்ஸ் நாடாவில் கை வைத்தான், மூன்றாவது ஆளும். அப்போது நிரோஜன் எழும்பினான். தெரியும்தானே, கிழக்கின் கோல்காப்பாளன், கேட்டால் மட்டும் கதைக்கிறவன், அந்த நான்கு கோலையும் வாங்கியவன். ஈரக் கையுறையை மாட்டிக்கொண்டு, “கோலுக்குள்ளை ஒருத்தன் நிக்கோணும், நான் போறன்,” என்றுவிட்டு வெளியே நடந்தான்.

கதவால் பார்த்தோம். எதிரணி இன்னும் இறங்கவில்லை. நடுவரும் இல்லை. கொட்டுகிற மழையில் வெறும் மைதானத்தில் கோல் கம்பங்களுக்கு நடுவில் அவன் மட்டும் நின்றான். பார்க்க வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. டிலக்சன் என் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தான்.

“விசரன். தனிய நிக்கிறான்,” என்றான். திரும்பிப் போய்ப் பூட்ஸை மாட்டினான்.

எல்லோரும் இறங்கினோம். இரண்டாம் பாதியில் நிரோஜன் பந்தைப் பிடித்ததும் நிமிர்ந்து டிலக்சனைத் தேடினான். அந்தப் பருவத்தில் கிழக்கான் ஒருவன் மேற்கான் ஒருவனைத் தேடி நான் பார்த்தது அதுதான் முதல் தரம். கையால் எறிந்த பந்து அவன் காலடியில் போய் விழுந்தது. அவன் இருவரைத் தாண்டி வெட்டிக்கொண்டு போய்க் கோல் அடித்தான். ஐந்துக்கு ஒன்று என்று தோற்றோம். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது முன்னால் யார் பின்னால் யார் என்று எனக்குத் தெரியவில்லை. டிலக்சன் நிரோஜனின் தோளில் வாயைத் திறந்தபடி நித்திரை.

ஊருக்கு வந்ததும் லீக் அலுவலகத்துக்கு நானே தொலைபேசி எடுத்தேன். மைதானம் என்னென்ன இருந்தால் சரிவரும் என்று கேட்டேன். பருவம் முடியப்போகிறது, இனி எதற்கு என்றார் அந்த அதிகாரி. கடைசி ஆட்டமாவது எங்கள் மண்ணில் ஆடுவோம், நாங்கள் கூப்பிடும்போது வந்து பாருங்கள் என்றேன். பாவம், எங்களை நம்பாமல்தான் சரியென்றார்.

கிழக்குக் கரைக்காரர் பழைய வலைகளைக் கொண்டுவந்து பனங்கம்பு நட்டு மைதானத்தைச் சுற்றிக் கட்டினார்கள். மேற்கார் செம்மண் ஏற்றி வந்து பள்ளங்களை நிரப்பினார்கள். எங்களோடு ஒரு சம்பந்தமும் இல்லாத தோட்டக்காரர் ஒருவர் நெல்லியடிப் பக்கத்திலிருந்து தண்ணீர் பவுசர் வண்டியை அனுப்பிப் புல்லுக்கு விட்டார். கடற்றொழிலாளர் சங்கத்தின் வலைக் கொட்டில்தான் உடை மாற்றும் அறை. வாசுகியும் இரண்டு கரைப் பெண்களும் அதைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார்கள். முன்பு சந்தையில் முகம் பாராதவர்கள் ஒரே வாளியில் தூரிகை தோய்த்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

அதிகாரி வந்தார். புல்லில் நடந்தார், பந்தை உருட்டிப் பார்த்தார், வலை வேலியை இழுத்துப் பார்த்தார். கொட்டிலுக்குள் போனதும் மூக்கைச் சுளித்தார். கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். கருவாடு மணக்குது என்றார்.

“ஓம் ஐயா,” என்றாள் வாசுகி. “கடற்கரை அப்பிடித்தான் மணக்கும்.”

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். கடைசி ஆட்டத்துக்கு மட்டும் அனுமதி என்றார்.

அந்த ஆட்டம் குருநாகல் பக்கத்து அணியோடு. காலிக்குப் பிறகு ஒன்றும் வெல்லாவிட்டாலும், சில சமநிலைகளால் மேலே இருந்த அணியை நெருங்கியிருந்தோம். நாங்கள் வெல்லவும் வேண்டும், எங்களுக்கு மேலே இருந்த அணி தன் ஆட்டத்தில் வெல்லாமல் இருக்கவும் வேண்டும். அப்போதுதான் பிரிவில் தங்கலாம். கரை முழுக்க வந்திருந்தது. பக்கத்து வீட்டு மதில் மேலும் லொறி மேலும் ஆட்கள். முதல் கோல் அவர்களுடையது. சனம் அமைதியாகவில்லை மச்சான், இன்னும் பெலத்துக் கத்தியது. இடைவேளைக்குப் பிறகு டிலக்சன் சமப்படுத்தினான். ஆட்டம் முடியப்போகிற நேரம் மூலை உதை ஒன்று. உன் இடத்தில் இப்போது ஆடும் கிழக்குப் பெடியன் எங்கிருந்தோ ஓடிவந்து தலையால் முட்டினான். இரண்டுக்கு ஒன்று. பருவம் முழுக்க நாங்கள் வென்ற ஒரே ஆட்டம்.

சனம் மைதானத்துக்குள் பாய்ந்தது. அப்போதுதான் கைபேசியில் செய்தி வந்தது. மற்ற அணியும் வென்றுவிட்டது. வென்றும் நாங்கள் கீழே. நான் சொன்னதும் பெடியள் புல்லில் இருந்துவிட்டார்கள். நிரோஜன் கையுறையால் முகத்தை மூடிக்கொண்டான். சனம் கலையவில்லை. ஆரோ கைதட்டத் தொடங்க, மற்றவர்களும் எழும்பித் தட்டினார்கள். இருட்டும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

இனித்தான் கேள். அடுத்த ஞாயிறு நிர்வாகக் கூட்டம். அதே பழைய தலைவர், அதே கதை. லீக்கிலிருந்து இறங்கியாச்சு, குகனுக்காக ஒரு வருஷம் பொறுத்தோம், இனி அவரவர் கழகத்துக்குப் போவோம் என்றார். எங்கள் மேற்கிலும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். இந்த முறை நான் எழும்பினேன். ஆனால் எனக்கு முதல் நிரோஜன் எழும்பிவிட்டான். பெடியள் எல்லோரும் வந்து பின்சுவரோடு நின்றதை நான் அப்போதுதான் கண்டேன்.

“பிரிக்கிறதெண்டால் பிரியுங்கோ ஐயா. ரெண்டு கழகத்தையும் நீங்களே வைச்சிருங்கோ. ஆடுறதுக்கு எங்களிலை ஒருத்தனும் வரமாட்டான்.”

ஒருவரும் கேட்காமல் அவன் இவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. டிலக்சன் அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றான். மற்றவர்கள் அசையவில்லை. பழைய தலைவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், கிழக்கு முகங்களைத்தான் அதிக நேரம் பார்த்தார். பிறகு கதிரையில் சாய்ந்து, அப்ப சேர்ந்த கழகத்துக்குப் புதுச் செயலாளர் ஆர் என்று கேட்டார். பெடியள் வாசுகியின் பெயரைச் சொன்னார்கள். எதிர்ப்பு இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அவளிடம் சொல்ல ஆருக்குத் துணிவு வரும்?

நாளைக்குப் பின்னேரம் பயிற்சி. மாகாணச் சுற்று வருகிறது. இறங்கின அணி இனி எழும்பாது என்று கடைத்தெருவில் கதைக்கிறார்கள். கதைக்கட்டும். அவர்களில் ஒருவரும் அந்த மழையில் அந்தக் கோலுக்குள் நின்றதில்லை.

உனக்கு ஒன்று சொல்கிறேன், குகன். நாங்கள் திரும்பவும் அந்தப் பிரிவுக்கு ஏறுவோம். அடுத்த வருஷம் இல்லையென்றால் அதற்கடுத்த வருஷம். ஏறுகிற அணியில் கிழக்கும் இருக்கும், மேற்கும் இருக்கும். இதில் எது தவறினாலும் அன்றோடு நான் உனக்கு மச்சான் இல்லை.

அது நடக்கப்போவதில்லை. ஆகவே,

என்றைக்கும் உன் மச்சான்,
தவம்