மாதாவுக்கு நேர்ந்த ஓட்டம்

ஜூன் 3, செவ்வாய்

இங்கே ஒக்லாந்தில் ஜூனில்தான் குளிர்காலம். அது பிறந்து மூன்று நாள்தான். அதற்குள் எனக்குத் தொண்ணூறு வயதாகிவிட்டது. முழங்கால் ஒரு பக்கம் இழுக்கிறது, மூச்சு இன்னொரு பக்கம். ஒனிஹங்கா குளக்கரையை ஒருமுறை சுற்றி வருவதற்குள் ஒரு நாய், இரண்டு வெள்ளைக்காரக் கிழவர்கள், தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஓடிய ஒரு பெண், எல்லாரும் என்னை முந்திப் போனார்கள். நாய் மட்டும் திரும்பிப் பார்த்தது. அதற்காவது இரக்கம் இருக்கிறது.

ஏன் இந்தத் திடீர் ஞானம் என்று வின்சென்ற் கேட்டார். உடம்பு வைத்துவிட்டது, குறைக்கப் போகிறேன் என்றேன். கலியாணம் கட்டின நாளிலிருந்து வைத்துக்கொண்டு வருகிற உடம்பு இப்போதுதான் கண்ணில் பட்டதோ என்று சிரித்தார். சிரிக்கட்டும். அவர் சிரிப்பதைக் கேட்கத்தானே இந்தப் பாடு.

ஜூன் 5, வியாழன்

உண்மையை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

மார்ச் மாதம் வெஸ்ட்கேட்டில் ஒரு புது வீட்டுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது வின்சென்ற் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, ஓட்டமும் நடையும். அவரை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே நின்று எங்கள் மன்னார்ப் பக்கத்து மடு மாதாவைக் கூப்பிட்டேன். தாயே, இவரை எழுப்பித் தா, நான்... அந்த இடத்தில் நின்றுவிட்டது. நான் என்ன தருவேன்? எங்கள் ஆட்கள் மெழுகுதிரி நேருவார்கள், வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் விடுவார்கள், மடுவுக்கு நடந்து போவார்கள். எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. எதிர்ச் சுவரில் ஒரு பெண் சப்பாத்துப் போட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரிய ஓடுகிற படம் ஒட்டியிருந்தது. வருகிற குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு விடியலும் ஓடுவேன் என்று நேர்ந்துவிட்டேன்! பக்கத்துச் சுவரில் ஒரு கிண்ணம் நிறையப் பழம் இருக்கிற படமும் இருந்தது. அதைப் பார்த்திருக்கக் கூடாதா?

இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். எழுந்தார், நடந்தார். மாதா தன் பங்கைச் செய்துவிட்டாள். நேர்ந்துவிட்டுச் செய்யாமல் விட்டவர்களின் கதைகள் மன்னாரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். அதில் ஒன்றுகூட நல்ல கதை இல்லை. விடிய எழுந்ததும் முதலில் அவருடைய மூச்சைக் கேட்கிறேன். பிறகுதான் சப்பாத்து.

அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால், என் நெஞ்சுக்காக நீ முழங்காலை உடைக்காதே என்று மறித்துவிடுவார்.

ஜூன் 12, வியாழன்

செல்வநாயகி அக்காவுக்கு மட்டும் சொன்னேன். ஒடாஹுஹுவில் பிள்ளைகள் காப்பகத்தின் குசினியில் நானும் அவவும்தான் சமையல். பாண் வெட்டிக்கொண்டிருந்தவ கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தா.

"எங்கட ஆக்கள் நேர்த்திக்குக் காவடி எடுப்பினம். நீ சப்பாத்து எடுத்திருக்கிறாய்."

பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, நாங்கள் சண்டைக்குப் பயந்து ஊரில் ஓடின ஓட்டம் காணாதோ, இனியும் ஏன் பிள்ளை ஓடுறாய் என்று கேட்டா. நான் பட்டாணியைக் கழுவப் போய்விட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

மழை. போனேன். வேறொன்றும் எழுத விருப்பமில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இதை எழுதாமல் விட்டால் பாவம்.

இருட்டு இன்னும் கலையவில்லை, தூறல் வேறு. குளக்கரைக்குத் திரும்புகிற சந்தியில் ஒரு கார் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தவர் ஆனந்தராசா அண்ணை. தமிழ்ப் பள்ளிக்கூட விழாக்களில் கதிரை அடுக்குகிறவர், மரியாதையான மனுசன். பஸ்ஸை விட்டிட்டீரோ தங்கச்சி, இந்த மழையில ஏன் ஓடுறீர், ஏறும் ஏறும் என்றார். இல்லை அண்ணை, நான் சும்மா தேகப்பயிற்சிக்கு என்று தொடங்கினேன். அவருக்குக் காதில் விழவில்லை. முன்கதவைத் திறந்து, சீற்றில் கிடந்த சாமான்களை எடுத்துப் பின்னுக்கு எறிந்து, ஹீற்றரையும் கூட்டிவிட்டார். வயதுக்கு மூத்தவர் இவ்வளவு செய்த பிறகு எப்படி மாட்டேன் என்பது? ஏறிவிட்டேன்.

ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, ட்ரெயினை விட்டிடாதையும் என்று கையைக் காட்டினார். அவருடைய கார் மறையும் வரைக்கும் ட்ரெயினுக்கு நிற்கிற முகத்தோடு நின்றேன். பிறகு அங்கிருந்து வீட்டுக்கு ஓடினேன். வழக்கத்தை விடத் தூரம் கூட.

மகள் றோஷினிக்குச் சொன்னேன். யுனிவர்சிட்டிக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்த பிள்ளை கதவடியிலேயே குந்தியிருந்து கண்ணீர் வரச் சிரித்தது. பின்னேரம் வரும்போது இருட்டில் மின்னுகிற ஒரு மஞ்சள் மேற்சட்டை வாங்கி வந்தது. இனி ஒரு மாமாவும் உன்னை பஸ்ஸுக்கு ஓடுகிற ஆள் என்று நினைக்க மாட்டார் என்று இங்கிலீஷில் சொன்னது.

ஜூன் 29, ஞாயிறு

எனக்கு ஏலாது. குளிரில் விரல் விறைத்து, சப்பாத்துக் கயிறு கட்டவே பத்துத் தரம் முயற்சிக்க வேண்டியிருக்கிறது. நேர்த்தியை மாற்றித் தரப் பாதருக்கு அதிகாரம் இருக்கிறது என்று சின்ன வயதில் கேள்விப்பட்டது ஞாபகம் வந்தது. பூசை முடிய ஜெயரட்ணம் பாதரைப் பிடித்தேன். முழுக் கதையையும் சொன்னேன். சிரிக்காமல் கேட்டார், அதுவே பெரிய காரியம்.

"மாத்தலாம், பிள்ளை. ஆனா பாரம் குறையக் கூடாது. இதே அளவு கஷ்டமானது உமக்கு வேற என்ன இருக்கு?"

யோசித்தேன். செபமாலை? அது எனக்கு விருப்பம், கஷ்டமில்லை. இறைச்சியை விடுவது? டாக்குத்தர் சொன்னதில் வீட்டில் எப்படியும் பாதி விட்டாயிற்று. பாதர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, பிளேன்ரீ குடிக்கிறதை விடுவீரோ என்றார். ஐயோ, அது வேண்டாம் என்றேன். சரி, கனடாவில் இருக்கிற மச்சாளோடு ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டை பிடிக்காமல் கதைப்பீரோ என்றார். இவருக்கு யார் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது?

ஓடுகிறேன், பாதர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 9, புதன்

இன்று ஏதோ நடந்தது. எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

புல்லெல்லாம் உறைபனி. வானம் துடைத்து வைத்த மாதிரி. குளக்கரையோடு நிற்காமல் கடலுக்கு மேலால் மாங்கரேக்குப் போகிற நடைபாலம் வரைக்கும் போனேன். எப்போது மூச்சிரைப்பு நின்றது என்று கவனிக்கவில்லை. கால் தன்பாட்டுக்குப் போனது. பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு சமோவாக்காரர், நல்லாய் ஓடுறாய் சகோதரி என்று இங்கிலீஷில் சத்தம் போட்டார். எனக்கு! நல்லாய் ஓடுகிறேனாம்!

பதினாறு வயதில் இப்படி ஓடியிருக்கிறேன். மன்னாரிலிருந்து மடுவுக்கு. ஒரு கையில் தங்கச்சி, மற்றக் கையில் அரிசிப் பை. திரும்பிப் பாராதே, திரும்பிப் பாராதே என்று அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். இன்று பாலத்தின் நடுவில் நின்று வேண்டுமென்றே திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவரும் இல்லை. தண்ணீர், ஒரு பறவைக் கூட்டம், வெயில் படத் தொடங்கிய ஒனிஹங்காக் கூரைகள். நான் பாட்டுக்குச் சிரித்தேன். சமோவாக்காரர் என்ன நினைத்தாரோ.

செல்வநாயகி அக்காவுக்குச் சொல்ல இப்போது ஒரு மறுமொழி இருக்கிறது. ஒருவரும் துரத்தாமல் ஓடிப் பார்க்க வேணும் அக்கா, அது வேறு ஓட்டம்.

ஜூலை 14, திங்கள்

காலை உணவுக்கு இரண்டு ரொட்டி கூடத் தின்றேன். உடம்பு குறைக்கத்தானே ஓடுகிறாய் என்கிறார் வின்சென்ற். பேசாமல் மூன்றாவதை எடுத்தேன்.

ஜூலை 23, புதன்

காய்ச்சல். காப்பகத்துப் பிள்ளைகள் எல்லாம் மூக்கு வழிந்துகொண்டு திரிந்தபோதே நினைத்தேன். நேற்று எப்படியோ குளக்கரை வரை இழுத்துக்கொண்டு போய்விட்டேன். இன்று தலையைத் தூக்க ஏலாது. ஆனால் விட்டால்? ஒரு நாள் விட்டால்? மாதா கணக்குப் பார்க்கிறவள் இல்லை என்று தெரியும். தெரிந்தும்—

ஜூலை 24, வியாழன்

நேற்று விடியக் கதவடியில் நிலத்தில் இருந்து ஒரு சப்பாத்தைப் போட்டுவிட்டேன். மற்றதைப் போடப் பலமில்லை. கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். வின்சென்ற் எழும்பி வந்துவிட்டார். என்ன விசர் வேலை இது, நெருப்பாய்க் கொதிக்கிற உடம்போடு எங்கே போகிறாய் என்று கத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்க ஏலவில்லை.

"நான் போகாட்டி உங்களுக்கு என்னவும் நடந்திடும்," என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். ஆஸ்பத்திரி நடை, சுவரில் இருந்த படம், பாதர், எல்லாம். அவர் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டே என் கையிலிருந்த சப்பாத்தை வாங்கி வைத்தார். நான் நினைத்தேன், கோபம் என்று. பார்த்தால் கண் கலங்கியிருக்கிறது.

"ஆரைக் கேட்டு நேர்ந்தனி?" என்றார். பிறகு, "எனக்காக வைச்ச நேர்த்தி எண்டால் அது வீட்டு நேர்த்தி. வீட்டில ஆர் செய்தாலும் செல்லும்."

அது உண்மைதான். நான் சின்னனில் காய்ச்சலில் விழுந்து கிடந்தபோது வீட்டில் நேர்ந்ததை என் பேரில் அம்மாதான் நடந்து முடித்தா. ஆனால் இந்த மனுசன் எழுந்து தன் சப்பாத்தைத் தேடத் தொடங்கியதும் எனக்கு உயிர் போய் வந்தது. நெஞ்சு, ஸ்டென்ட், மழை என்று அடுக்கினேன். மெல்ல ஓடலாம் என்று ஆஸ்பத்திரிப் பயிற்சி வகுப்பில் நேர்ஸ் போன மாதமே சொல்லிவிட்டாளாம். பயத்தில் இவர்தான் தொடங்காமல் இருந்தாராம். அதை எனக்கு மறைத்திருக்கிறார்! ஒரே வீட்டில் இரண்டு கள்ளர்.

என் மஞ்சள் மேற்சட்டையைக் கொளுவிக்கொண்டு போனார். அது அவருக்கு வயிற்றில் பூட்டவில்லை. நான் யன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். நேர்த்தியைக் காப்பாற்றப் போய் ஆளை விட்டுவிடப் போகிறேனே, மாதாவே, நான் மடைச்சி, நான் பேயச்சி என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

வந்தார். சொட்டச் சொட்ட நனைந்து, முகம் சிவந்து, பதினெட்டு வயதுப் பொடியன் போல் சிரித்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்று என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தார். அடித்துக்கொண்டிருந்தது. பலமாக, ஒழுங்காக.

"பாத்தியே," என்றார்.

மார்ச்சிலிருந்து என்னோடு இருந்த பயம் அப்போதுதான் இறங்கியது. பிறகு கஞ்சி காய்ச்சித் தந்தார். உப்புப் போட மறந்துவிட்டார். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

காய்ச்சல் விட்டது. இத்தனை நாளும் அவர்தான் ஓடினார். நாளைக்கு நானும் போகிறேன் என்றேன். அதற்கென்ன, என்னைப் பிடிக்க ஏலுமெண்டால் வா என்கிறார். வாய் மட்டும் குணமாகிவிட்டது.

ஓகஸ்ட் 6, புதன்

இரண்டு பேருமாய்ப் போகிறோம். அவர் கொஞ்சத் தூரம் ஓடி, கொஞ்சத் தூரம் நடந்து, மறுபடி ஓடுகிறார். நான் முன்னால் போய்ப் பாலத்தில் நிற்பேன். சமோவாக்காரருக்கு இவரையும் பழக்கமாகிவிட்டது. மீன்பிடியைப் பற்றி இரண்டு பேரும் கதைக்கத் தொடங்கினால் நான் குளிரில் விறைத்து நிற்க வேண்டியதுதான். இன்று ஒரு மீனும் தந்தார். மீனைப் பையில் தொங்கவிட்டுக்கொண்டு ஓடிவந்த வேறு ஒரு சோடி ஒக்லாந்தில் இருக்குமோ தெரியாது.

குழம்பு வைத்தேன். றோஷினி இரண்டு தரம் போட்டுத் தின்றது.

ஓகஸ்ட் 15, வெள்ளி

மடுத் திருவிழா நாள். ஓடும்போதே மனதுக்குள் செபித்தேன். அருள் நிறைந்த மரியே செபத்தை மூச்சுக்கு ஏற்றமாதிரிப் பிரித்தால் கால் நல்ல தாளமாய் விழுகிறது. இது பிழையோ, சரியோ? பாதரைக் கேட்கப் போவதில்லை.

ஓகஸ்ட் 22, வெள்ளி

செல்வநாயகி அக்கா கேட்டா, அந்தச் சப்பாத்து என்ன விலை என்று. சும்மா கேட்டவவாம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

கிளினிக். இதயம் நன்றாக வேலை செய்கிறது, முழுநேர வேலைக்குப் போகலாம் என்றார் டாக்குத்தர். மாதாவுக்கு நன்றி. மாத்திரைக்கும் நன்றி. வெளியே வந்து கார் தரிப்பிடத்தில் இருவரும் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றோம். வெள்ளைக்காரர் என்றால் கட்டிப்பிடித்திருப்பார்கள். நாங்கள் போய் பேக்கரியில் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பை வாங்கிச் சாப்பிட்டோம். ஒன்றை இரண்டாய்ப் பிரித்துத்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பூசை முடிந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றோம். ஜெயரட்ணம் பாதர் கையில் கட்லற்றோடு வந்தார். நேர்த்தி எப்படிப் போகிறது என்று கேட்டார். இரண்டு பேருமாய்ச் செய்துகொண்டிருக்கிறோம், குளிர்காலம் முடியுமட்டும்தானே என்றேன்.

"குளிர்காலம் ஓகஸ்டோட முடிஞ்சுதே, பிள்ளை."

நான் வின்சென்றைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இன்று விடியவும் பாலம் வரை போய்விட்டுத்தான் பூசைக்கு வந்திருந்தோம். நேற்றும் போனோம். முந்தாநாளும். வழியில் மரங்கள் பூத்திருந்ததை நானே அவருக்குக் காட்டியிருக்கிறேன். முடிந்துவிட்டது என்று இருவருக்கும் தோன்றவேயில்லை.

பாதர் விடவில்லை. "அப்ப இந்த ரெண்டு கிழமையும் ஆருக்கு ஓடினனீங்கள்?"

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. வின்சென்ற்தான் சொன்னார்.

"சும்மா, பாதர்."

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஓம் என்று தலையாட்டினேன். ஐம்பத்தொரு வயதில் நான் சும்மா ஓடுகிறேன்.