காலி நாற்காலிக்குக் காட்டிய அட்டைகள்

அக்கா,

இன்று மாட்டுக்கொட்டகையைக் கூட்டும்போது, மூலையில் சுருண்டு கிடந்த நீல வலையிலிருந்து கருவாட்டு வாடை அடித்தது. கடலுக்கே போகாத நம் குடும்பத்துக்குள் அந்த வாடையைக் கொண்டுவந்தவள் நீ. காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் ஒரு வருடமாகிறது; வாடை மட்டும் போகவில்லை.

ஓவியக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்த நீ, உச்சிப்புளிக்குப் பக்கத்தில் நம் மிளகாய்க் கொல்லை ஓரமாக, பெரியபட்டினத்தில் வாங்கிய பழைய வலையாலும் மூங்கிலாலும் இரண்டு வாசல்கள் கட்டினாய். ஒன்றில் ஒரு மைக். 'மனதில் பட்டதைச் சொல்லிவிட்டுப் போங்கள்' என்று பலகை. மற்றதில் ஒரு காலி நாற்காலி, அதன் முதுகில் காக்கிச் சட்டை. 'அட்டையைக் காட்டிவிட்டுப் போங்கள்.' நடுவே வெட்டவெளி. எதிலும் நுழையாமலே நடந்து போகலாம்.

"பேச்சுரிமையும் வேணும், பாதுகாப்பும் வேணும்னு பாடத்துல படிக்கிறேல்ல? ஆளுக எதுல நுழையுறாகன்னு பாப்போம்" என்றாய் என்னிடம்.

ஊரே ஆதார் அட்டையோடு வரிசையில் நின்றது. நாற்காலிக்கு வணக்கம் வைத்தவர்களும் உண்டு. மைக் பக்கம் ஒருவரும் போகவில்லை. கடைசியில் உன் அய்யாவை, என் பெரியப்பாவை, கையைப் பிடித்து இழுத்தாய்.

"ஒரு வார்த்த பேசுங்கய்யா."

"எவன் கேப்பானோ?"

"வயரே கெடையாதுய்யா."

"வயரு இல்லாமக் கேக்குறதுக்குத்தான தாயி பயமா இருக்கு!"

மதியம் பைக்கில் இருவர் வந்தார்கள். சாதாரண உடை, கறுப்புக் கண்ணாடி. வாசல்களைப் படம் எடுத்தார்கள்.

"நேவி ஹெலிகாப்டர் பறக்குற எடத்துல இது என்ன? யார் யார் என்ன பேசினாங்க?"

"யாருமே பேசல சார்" என்றார் பெரியப்பா.

"இவ்வளவு பேர் வந்தும் ஒருத்தர்கூடவா பேசல? நம்பச் சொல்றியா? சாயங்காலத்துக்குள்ள பிரிச்சிடணும்."

பெரியப்பா அப்போதே முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினார். கல்லூரிக்காரர்கள் அடுத்த வாரம் பார்த்து மதிப்பெண் போட வருவதாக இருந்தது; பிரித்துவிட்டால் உனக்கு அந்த வருடம் காட்ட வேறொன்றும் இல்லை. நீ அவர்கள் முன்னால் போய் நின்றாய்.

"சார், உங்க கார்டக் காட்டுங்க."

"எங்ககிட்டயேவா?"

"அப்ப அந்த மைக்ல உங்க பேரச் சொல்லுங்க. நானே பிரிச்சிர்றேன்."

ஒருவர் சிரித்துக்கொண்டே மைக்கிடம் குனிந்தார். வாயைத் திறந்தவர் நிறுத்தினார். மைக்கின் அடியில் தடவிப் பார்த்தார். கூட வந்தவரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். இருவரும் வெட்டவெளி வழியாக நடந்துபோய்ப் பைக்கை எடுத்தார்கள்.

"பாத்தியாடி?" என்றாய் என்னிடம்.

ஆனாலும் இருட்டுவதற்குள் பெரியப்பா எல்லாவற்றையும் பிரித்துவிட்டார். கல்லூரிக்காரர்கள் வந்தபோது கொல்லையோரம் மூங்கில் ஊன்றிய குழிகள்தான் இருந்தன.

அந்த இருவர் யார், யார் சொல்லி வந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. வரிசையில் நின்ற முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். எல்லோர்மேலும் சந்தேகம் வருகிறது, பெரியப்பாமேல்கூட. அவ்வளவு அவசரமாக அவிழ்த்தது பயத்தால்தானா என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மற்றவர்களிடம் வருகிறது. பேருந்திலோ கடைத்தெருவிலோ யாராவது என் பையைத் திறக்கச் சொன்னால், "நீங்க யாரு?" என்று கேட்டுவிடுகிறேன். பதில் வரும்வரை நான் திறப்பதில்லை, அக்கா.