குங்குமக் கப்பல்

இன்று என் பெருவிரல் கறுத்துக் கிடக்கிறது. பன்னிரண்டு வயது முடிந்துவிட்டதால் அடையாளக் கார்டு எடுக்க அப்பா என்னைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்தவர் என் விரலைப் பிடித்து மையில் உருட்டி, அட்டையில் அழுத்தினார். வீட்டுக்கு வந்து சவுக்காரம் போட்டுத் தேய்த்தும் மை முழுதாகப் போகவில்லை. விரலை மூக்கருகே கொண்டுபோனால் உன் அபாங்கின், உன் அண்ணனின், சாய டின்களை நினைவூட்டும் ஒரு வாசனை. அதனால்தான் வீட்டுப்பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

உனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எங்களைப்போலவே சாமி கும்பிடும் தமிழ் வம்சம்தான் என்றாலும், உங்கள் வீட்டில் பல தலைமுறையாக எல்லோரும் பேசியது மலாய். என்னோடு மட்டும் நீ என் தமிழையும் உன் மலாயையும் பிசைந்து பேசுவாய். நான் கதைப் புத்தகத்தை வாசித்துக் காட்டினால் வாயைத் திறந்தபடி கேட்பாய். ஆகவே இதை எழுதி முடித்ததும் சத்தமாக வாசிக்கப்போகிறேன். ஓரிடத்தைத் தவிர எங்கும் என் குரல் தடுமாறாது என்று நினைக்கிறேன்.

நட்சத்திரங்களுக்குப் போகும் கப்பல்களைப் பற்றி முதலில் படித்தது நான். செய்யலாம் என்று சொன்னது நீ. ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெசராக வேலை பார்க்கும் என் அப்பா கொண்டுவரும் மருந்து பாட்டில் கார்க்குகள்தான் உடல். மூங்கில் சிம்புகள் இறக்கை. கார்க் சாயத்தைக் குடித்துவிடும் என்பதால் முதலில் சுண்ணாம்பும் கஞ்சியும் கலந்து பூசுவோம். பிறகு ஒவ்வொரு கப்பலையும் ஓர் ஈர்க்குச்சியின் நுனியில் குத்தி, கை படாமல் சாயம் தீட்டி, ஈர்க்குச்சியோடு வாழைத்தண்டில் செருகிக் காயவிடுவோம். காஜா பேராங்கில் உங்கள் வீட்டு முன் ஜன்னலில் அந்த வாழைத்தண்டு எப்போதும் இருக்கும். தெருவில் போகிறவர்கள் ஏதோ பலகாரம் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் கட்டம் போட்டு, சோழி உருட்டிக் கப்பல்களை நகர்த்துவோம். சட்டங்களை நீதான் வைத்தாய். நிறம் கொடுக்காத கப்பல் ஆட்டத்தில் இறங்கக் கூடாது. சாயம் கெட்டுவிட்டால் கப்பல் செத்தது. திரும்பத் தீட்டக் கூடாது. எதிராளியிடம் கொடுத்துவிட வேண்டும்.

நிறத்தில்தான் நமக்குச் சண்டை. புத்தகத்தில் எல்லாக் கப்பலும் வெள்ளிதான் என்று சொல்லி, நான் சிகரெட் பெட்டித் தாளை ஒட்டுவேன். ஒருமுறை துணிந்து ஊதா அடித்தபோது நீ சிரித்தது தெருக்கோடிவரை கேட்டிருக்கும். "அலாமா! இது கப்பலா, கத்திரிக்காயா?" நீயோ உன் அம்மாவின் கெபாயாச் சட்டை ஓரத்துப் பூவைப் பார்த்துப் பார்த்துக் கப்பலில் போடுவாய். எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டால், "அவ்ளோ தூரம் போறவனுக்கு வீட்டு ஞாபகம் வரவேணாமா?" என்பாய்.

விளம்பரப் பலகை எழுதும் கடையில் வேலை பார்த்த உன் அபாங்தான் நமக்கு டின்னின் அடியில் மிஞ்சியதைக் கொண்டுவந்து தருவார். நீலம், மஞ்சள், பச்சை எல்லாம் வரும். சிவப்பு மட்டும் வராது. அதை முதலாளி பூட்டி வைத்திருப்பார். உன் அம்மா சாமி மேடையிலிருந்து கொஞ்சம் குங்குமம் தந்தார். அதைக் கஞ்சியில் குழைத்து நாமே சிவப்பு செய்தோம். அந்தச் சிவப்பில் நீ முதலில் செய்த கப்பல்தான் உன் படைக்குத் தலைமை. மேலே சிவப்பு, வயிறு வெள்ளை, இறக்கை இரண்டிலும் ஈர்க்குச்சி நுனியால் வைத்த மஞ்சள் பூக்கள். பள்ளி விடுமுறை முழுவதும் அதற்கே போனது.

சுதந்திரத்துக்குச் சில வாரங்கள் இருந்த நேரம் அது. மலாக்கா டவுனில் வளைவுகளும் பலகைகளும் எழுதி உன் அபாங்கின் கை ஓயவில்லை. அப்போதுதான் தெங்கேராவில் ஒரு கடைச் சுவரில் யாரோ காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்காகச் சிவப்பு எழுத்தில் எழுதிவிட்டார்கள் என்று பேச்சு வந்தது. சாயம் வைத்திருப்பவர்களை எல்லாம் விசாரித்தார்கள். அபாங்கின் கடையில் கூட வேலை செய்த ஒருவரைக் காலையில் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். மத்தியானம்வரை அவர் திரும்பவில்லை.

நாம் தரையில் ஆடிக்கொண்டிருந்தோம். ஜீப் உங்கள் வீட்டு வாசலில் நின்றது.

இறங்கியவர் சாதாரண உடுப்பில் இருந்த தமிழர். கூட வந்த மாத்தா, சீருடைப் போலீஸ்காரர், நேராக உள்ளே போய் அபாங்கின் மேற்கையைப் பிடித்துக்கொண்டார். கார்டை வாங்கிப் பார்த்தார்கள். விரல்களை விரிக்கச் சொன்னார்கள். நகக்கண் எல்லாம் சாயம். கட்டிலுக்கு அடியிலிருந்து டின்களை இழுத்து ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். சிவப்பு இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் அந்தத் தமிழர் ஜன்னலைப் பார்த்தார். அன்றைய ஆட்டத்தில் இறங்காத உன் சிவப்புக் கப்பல்கள், தலைமைக் கப்பலோடு, வாழைத்தண்டில் வரிசையாக நின்றன.

"இது என்னா?" என்று உன் கப்பலை ஈர்க்குச்சியோடு பிடுங்கினார். "சிவப்பு எங்கேர்ந்து வந்துச்சி?"

அபாங் மலாயில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ சும்மா இரு. பாப்பா, நீ தமிழ்ப் பிள்ளதானே? நீ சொல்லு" என்று அவர் என் பக்கம் திரும்பினார்.

உண்மையைச் சொன்னால் போதும் என்றுதானே நான் படித்த புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. நான் நேராக நின்று, பாடம் ஒப்பிப்பதுபோல் ஆரம்பித்தேன். "இது நட்சத்திரக் கப்பல் ஐயா. இதுதான் தலைமைக் கப்பல். அது உத்தரவு கொடுத்தா மத்த கப்பல் எல்லாம் தாக்கும்."

"தாக்குமா? யார?"

"வெள்ளிக் கப்பல்கள. அதாவது என்னை."

மாத்தாவின் பிடி இறுகியதை அபாங்கின் முகத்தில் பார்த்தேன். உன் அம்மா அடுப்படி வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சாயம் யார் குடுத்தா? இவன்தானே?"

"இல்லைங்க ஐயா. அது குங்குமம்."

"குங்குமத்துல கப்பலா? யாருக்கும்மா காது குத்துற? நேத்து பேஞ்ச மழையில சொவத்துல ஒரு எழுத்து கரையல. இவன் ஜீப்ல ஏறட்டும். மத்தத அங்க பேசிக்குவோம்."

அபாங் ஓரடி எடுத்துவைத்தார். என்னிடமிருந்த உண்மை முழுதும் தீர்ந்துபோயிருந்தது.

நீதான் எழுந்தாய். "துவான், மழையில கரையலியா?" என்று கேட்டாய். அவர் பதில் சொல்வதற்குள் அவர் கையிலிருந்த ஈர்க்குச்சியைப் பற்றினாய். பெருவிரலை நாக்கில் வைத்து நனைத்தாய். சிவப்பின் மேல் அழுத்தி, தலையிலிருந்து வால்வரை ஒரே இழுப்பாக இழுத்தாய். அடியிலிருந்த சுண்ணாம்பு வெள்ளை தெரிந்தது. இறக்கையில் பூக்கள் இருந்த இடத்தில் ரத்தம்போல ஒரு கோடு. சிவந்த விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாய்.

"தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டார். தன் விரலிலும் எச்சில் தடவி, இன்னொரு கப்பலைத் தேய்த்தார். முகர்ந்து பார்த்தார். சோழிகள் தரையில் கிடந்தன. என் முறை என்று எனக்கு நினைவு வந்தது. அந்த நேரத்தில் அதுவா நினைவு வரவேண்டும்?

"குங்குமம்தான்" என்றார் அவர் கடைசியில். மாத்தாவைப் பார்த்துத் தலையசைத்தார். அபாங்கின் கை விடுபட்டது. வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும் திரும்பினார். "சாமி குங்குமத்த எடுத்து இப்படி வெளாடுறீங்களே, வீட்டுல ஏச மாட்டாங்களா?"

ஜீப் திருப்பத்தில் மறைந்த பிறகும் நீ கப்பலை இறுகப் பிடித்தபடி நின்றாய். நான்தான் உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கப்பலின் வெள்ளை வயிற்றில் உன் பெருவிரல் ரேகை சிவப்பாக, ஒரு கோடு விடாமல் பதிந்திருந்தது.

"வேற கப்பல எடுத்திருக்கலாமே" என்றேன்.

"அவரு இதத்தானே பார்த்தாரு. வேறத எடுத்தா நம்புவாரா?" என்றாய். பிறகு அதை என் மடியில் வைத்தாய். "இந்தா. செத்தாச்சு. சட்டப்படி உன்னோடது."

"இதுக்கெல்லாம் சட்டமா? வெச்சிக்கோ."

"சட்டம்னா சட்டம்தான் லா. அழுவாத, ஒன் முறை. சோழிய உருட்டு."

காலையில் ஜீப்பில் ஏற்றிப்போன கடை ஆளும் அன்று மாலை திரும்பி வந்துவிட்டார் என்று அபாங் சொன்னார். சுதந்திர நாளில் அபாங் எழுதிய வளைவுக்குக் கீழே நாம் நடந்தோம். அதில் சிவப்பு எவ்வளவு தாராளமாக இருக்கிறது என்று நீ பொறாமைப்பட்டாய்.

வருடக் கடைசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நான் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது, மனிதர் செய்த நிலா ஒன்று பூமியைச் சுற்றுகிறதாம், ரேடியோவில் சொன்னார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "என்ன கலர்?"

"வெள்ளி." எனக்குக் கொஞ்சம் வெற்றிப் பெருமிதம்கூட.

"உள்ள ஆள் இருக்கா?"

"இல்ல."

"அதான்" என்றாய், கண்ணை மூடிக்கொண்டே.

அதன் பிறகு என்னை உள்ளே விடவில்லை. அதற்குப் பிறகு பார்ப்பதற்கு நீ இல்லை.

கப்பல் என் மேசையில் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. மழைக்காலத்தில் குங்குமம் பிசுபிசுக்கும் என்பதால் அடியில் அரிசி போட்டு வைத்திருக்கிறேன். வார்னிஷ் அடித்தால் நிற்கும், ஆனால் தூரிகை பட்டதும் ரேகை கலங்கிப் போனாலும் போகும் என்று அபாங் சொன்னார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். ஒருநாள் உன் அம்மா வந்து, கப்பலைப் பார்க்கவேண்டும் என்றார். ஈர்க்குச்சியை மட்டும் பிடித்து, வெளிச்சத்தில் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உங்களிடமே இருக்கட்டும் என்று நீட்டினேன். அவர் மறுப்பாகத் தலையாட்டினார். "நீயே வெச்சிரு. எங்கிட்ட இருந்தா தொட்டுத் தொட்டே அழிச்சிருவேன்."

அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். என் குரல் தடுமாறும் இடம் இதுதான்.

என்னைவிடச் சில மாதம் இளையவள் நீ. உன் கார்டுக்கு இன்னும் நேரம் வந்திருக்காது. எந்த அலுவலகத்திலும் உன் விரல் பதிவாகவில்லை. கொஞ்ச நேரம் முன்பு டின்னைத் திறந்து, மைபட்ட என் பெருவிரலை உன் ரேகைக்கு மேலே, தொடாமல், ஒரு தாள் கனம் இடைவெளியில் பிடித்துப் பார்த்தேன். போன வருடம் நம் கைகள் ஒரே அளவு. இப்போது என் விரலுக்குக் கீழே உன்னுடையது முழுதும் மறைந்துவிடுகிறது.

விரலை எடுத்தேன். சிவப்பாக அங்கேயே இருந்தது.