பெருக்கல் குறி போட்ட இடம்

இலஞ்சி
3.3.2025

அன்புள்ள யோகாவுக்கு,

இங்கே நலம். நீயும் உன் அண்ணன் வீட்டாரும் சுகம்தானே. போன் செய்தால் எடுப்பதில்லை. சொல்ல வேண்டியது இருந்தால் எழுத்தில் கொடுக்கட்டும் என்று உன் அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருந்தாய். சரி, எழுதுகிறேன். இங்கிருந்து கடையத்துக்கு ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புகிற புருஷன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தன்தான்.

விஷயம் இதுதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் போர்ச்சுகலில் போய்த் தங்குவதற்கு ஓர் அனுமதி உண்டாம். நாம் இரண்டு பேரும் தம்பதியாக விண்ணப்பித்தால் அங்கே தன்னோடு வந்து இருந்துவிடலாம் என்று உமா சொல்கிறாள். மாதாமாதம் வருமானம் உள்ளவர் முதல் விண்ணப்பதாரர். மற்றவர் துணை. கூட்டுறவு சங்கத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய எனக்குப் பென்ஷன் கிடையாது, டீச்சரம்மாவுக்கு உண்டு. அதனால் விண்ணப்பம் உன் பெயரில்தான் போக வேண்டும். நான் உன் வால்.

பேரனுக்கு நாலு வயசு முடிந்துவிட்டது. வீடியோவில் என்னிடம் ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை. உமாவுக்கும் வருத்தம்தான். "ஏழு வருஷமா அம்மா கடையத்துல போய் உக்காந்துக்கிட்டு என்னத்தக் கண்டா? ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கா?" என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்ல? உடனே எழுது.

அன்புடன்,
விஸ்வநாதன்

கடையம்
11.3.2025

உமா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பேரனுக்காக வருகிறேன். உமாவுக்காகவும். அங்கே எனக்குத் தனி அறை வேண்டும். இன்னொன்று, என் தாள்களை நானே நிரப்புவேன், நானே கையெழுத்துப் போடுவேன். நீங்கள் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது.

ஏன் பிடிவாதம் என்று உமா கேட்டால் என்ன பதில் சொல்வது என்று என்னிடமே கேட்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. பதில் உங்களுக்குத் தெரியாதா? 2003இல் சிவகிரிப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. வேண்டாம் என்று என் பெயரில் நீங்கள் எழுதி, என் கையெழுத்தையும் நீங்களே போட்டுக் கொடுத்தீர்கள். 2007இல் மறுபடியும். யாரோ சிபாரிசு பிடித்துத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று என்னிடம் சொன்னீர்கள். நான் அழுதேன். தேற்றுவதற்கு ஐந்தருவிக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

நான் ஓய்வு பெற்ற அன்றைக்குப் பணிப்பதிவேட்டைப் புரட்டியபோதுதான் அந்த இரண்டு கடிதத்தையும் பார்த்தேன். அன்று சாயங்காலமே பெட்டியை எடுத்தேன். உமாவிடம் இன்றுவரை வாய் திறக்கவில்லை. அப்பாவைப் பற்றி அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உமா அம்மா

இலஞ்சி
22.4.2025

அன்புள்ள யோகாவுக்கு,

கல்யாணத்தைப் பதிவு செய்ய நீ தென்காசிக்கு வந்தது சந்தோஷம். கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷம் கழித்து, கல்யாணம் ஆனது உண்மைதான் என்று சொல்ல ஆள் தேடி அலைந்தேன். நம் கல்யாண அழைப்பிதழ் உன்னிடம் மஞ்சள் அழியாமல் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

மற்றதைக் கேட்டால் உனக்கே தலை சுற்றும். சான்றிதழை இங்கிலீஷில் மாற்ற ஒரு ஆள், அதற்கு முத்திரை குத்த ஒரு ஆபீஸ், அந்த முத்திரை சரிதான் என்று சொல்ல இன்னொரு ஆபீஸ். போலீஸ் விசாரணைக்கு வந்தவர் "சார், வீட்டம்மா எங்க?" என்றார். கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மசூதுதான் எல்லாவற்றையும் ஏற்றி அனுப்புகிறான். அவன் கடை வாசலில் என் செருப்பு தேய்ந்துவிட்டது.

சிவகிரி விஷயம். உமா அப்போது பத்தாம் வகுப்பு. என் அம்மா படுக்கையில். நீ தினமும் விடியும் முன்னே பஸ் ஏறி, இருட்டிய பிறகு வந்து இறங்கினால் வீடு என்னாவது? குடும்பத்துக்காகச் செய்தேன். கேட்டால் நீ போகிறேன் என்றுதான் சொல்லியிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை.

இனி ஒரே ஒரு தாள்தான் பாக்கி. உன் பென்ஷன் விவரமும், உன் கையெழுத்து இதுதான் என்பதும் போட்டு பேங்கிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். சென்னையில் நேரில் வரச் சொல்லியிருக்கும் தேதி ஜூன் 18. சீக்கிரம் வாங்கிவிடு.

விஸ்வநாதன்

கடையம்
9.5.2025

உமா அப்பாவுக்கு,

நேற்று பேங்குக்குப் போனேன். மனு எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அந்தப் பெண் அதைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "ஆச்சி, இது ஒத்துவரலையே" என்று சொல்லி, திரையை என் பக்கம் திருப்பினாள்.

என் பெயருக்கு அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. பணிப்பதிவேட்டில் பார்த்த அதே கை. சம்பளக் கணக்கை மாற்றுகிறேன் என்று 2005இல் ஒரு படிவம் கொண்டுபோனீர்களே, அதிலும் நீங்கள்தான் போட்டிருக்கிறீர்கள். ஏடிஎம் கார்டும் விரல் ரேகையுமாகக் காலம் ஓடியதால் இருபது வருஷமாக எனக்குத் தெரியவில்லை. என் பென்ஷனுக்கு முன்னால் நான்தான் வேற்றாள்.

"வீட்ல சார் போட்டதா இருக்கும். நிறைய ஆச்சிமாருக்கு இப்படித்தான் இருக்கு" என்றாள் அந்தப் பெண். ஆறுதலுக்குத்தான் சொன்னாள்.

பதிவு ஆபீசில் "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான இருக்கீங்க?" என்று கேட்டபோதும், நான் வாயைத் திறக்குமுன் ஆமாம் என்று இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னீர்கள். அதையும் நான் கவனித்தேன்.

பாஸ்போர்ட்டைக் காட்டி என் கையெழுத்தை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு மாதம் ஆகலாம் என்றார்கள். பொறுத்திருங்கள்.

உமா அம்மா

இலஞ்சி
23.5.2025

அன்புள்ள யோகாவுக்கு,

கோபப்படாமல் படி. ஒரு மாதம் காத்திருந்தால் தேதி கைவிட்டுப் போய்விடும். பேங்கில் மேலே இருப்பவர் எனக்குப் பழக்கம். பழைய கையெழுத்து இன்னும் மாறவில்லை என்றார். நானே ஒரு மனு எழுதி, அதே மாதிரி போட்டுக் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் கடிதம் கையில். மசூது அன்றைக்கே ஏற்றிவிட்டான். நகல் இதோடு வைத்திருக்கிறேன்.

வேலை முடிந்தது, அதுதானே வேண்டும்? இதற்கா இரண்டு மாதமாக அல்லாடினோம்? சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. குற்றாலத்துக்குப் போகிற கார்கள் இப்போதே நம் தெருவரை நிற்கின்றன. அடுத்த சீசனுக்கு நாம் இங்கே இருக்க மாட்டோம்.

விஸ்வநாதன்

இலஞ்சி
12.6.2025

யோகா,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. இப்போது எல்லாம் திரும்பி வந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் ஒரு கையெழுத்து, பேங்க் கடிதத்தில் வேறு கையெழுத்து, விளக்கம் தேவை என்று ஒற்றை வரி. ஜூன் 18ஐயும் ரத்து செய்துவிட்டார்கள். "அண்ணாச்சி, நான் அப்பவே சொன்னம்லா, ரெண்டும் வேற வேறயா இருக்குன்னு. நீங்கதான் ஏத்துலே ஏத்துலேன்னு நின்னீங்க" என்கிறான் மசூது. கடை என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

ஒரு வழி இருக்கிறது. இரண்டு கையெழுத்தும் உன்னுடையதுதான் என்று வக்கீல் முன்னால் நீ உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதுமாம். ஒரே ஒரு தாள். வாசகத்தை அடித்து வைத்திருக்கிறேன்.

எனக்கு அறுபத்தெட்டு ஆகிறது. சாப்பிட உட்கார்ந்தால் எதிரே யாரும் இல்லை. நேற்று குக்கரில் ஒரு ஆளுக்குச் சோறு வைக்கத் தெரியாமல் மூன்று ஆளுக்கு வைத்துவிட்டேன். எல்லாரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும். இது உனக்கு ஏன் புரிய மாட்டேன் என்கிறது? எழுது.

விஸ்வநாதன்

கடையம்
4.11.2025

விஸ்வநாதன் அவர்களுக்கு,

ஆறு மாதமாக நான் எழுதவில்லை. உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன. படித்தேன்.

அந்த உறுதிமொழியில் நான் கையெழுத்துப் போடவில்லை. இரண்டும் என்னுடையது என்றால் சிவகிரியை வேண்டாம் என்று எழுதியதும் நான்தான் என்று ஆகிவிடும். அதை மட்டும் என்னால் முடியாது.

ஜூலையில் பேங்கில் என் கையெழுத்து மாறியது. என்னிடம் படித்த ஜெயசித்ரா இங்கே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். அவளோடு உட்கார்ந்து நானே எல்லாவற்றையும் நிரப்பினேன். சென்னைக்கும் நானே போய் வந்தேன். தனி விண்ணப்பம், ஒரு ஆளுக்கு. கணவர் பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதினேன். உடன் வருகிறாரா என்ற இடத்தில் இப்போது இல்லை என்று எழுதினேன். போன வாரம் அனுமதி வந்துவிட்டது. இருபதாம் தேதி கிளம்புகிறேன். போகும்போது சொல்லாமல் போனாள் என்று இருக்கக் கூடாது.

நீங்கள் தனியாகச் சாப்பிடுவதைப் படித்துவிட்டு எனக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அது உண்மை. ஆனால் அந்த மூன்று பேரில் ஒருத்தியாக வந்து உட்கார என்னைக் கேட்டிருக்கலாம். சிவகிரிக்கும் கேட்டிருக்கலாம். உங்கள் அம்மா படுக்கையில் கிடந்ததைப் பார்த்து நானே வேண்டாம் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. அது எனக்கே தெரியாமல் போயிற்று. அதுதான் என் கோபம், வேறொன்றும் இல்லை.

முதலில் போகிறவர் பிறகு துணையைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அந்த விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். என் பகுதியை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கூடவே உமாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். 2003, 2007, 2005, போன மே மாதம், நாலையும் உங்கள் கையால் எழுதுங்கள். பிடிவாதம் ஏன் என்று கேட்டாளே, அதற்குப் பதில். இரண்டும் ஒரே கவரில் வந்தால் அங்கிருந்து நான் விண்ணப்பத்தைக் கொடுப்பேன். வராவிட்டால் கேட்க மாட்டேன்.

கடைசிப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். அங்கேதான் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் கையெழுத்து எனக்கு அச்சு மாதிரி வரும், நாற்பது வருஷம் பார்த்தது. பேனாவை எடுத்தும் பார்த்தேன். பிறகு மூடி வைத்துவிட்டேன்.

வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். உங்களைக் கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
வி. யோகலட்சுமி