வாயடைத்துப் போன ஜீன்

நவ. 4, செவ்வாய்

காலையிலேர்ந்து தூறல். பள்ளிக்கூடத்துக்கு மெடிக்கல் லீவு எழுதிக் கொடுத்தாச்சு. +2 பிள்ளைங்களுக்கு மரபியல் பாடம் பாதியில நிக்குது.

ஈரல்ல கட்டி. புற்றுநோய்தான். வெட்டி எடுக்கக்கூடிய இடத்துல இருக்குன்னு டாக்டர். ஆபரேஷன் 20ஆம் தேதி.

மதியம் பஷீர் வந்தான். பொத்தேரியில எம்.எஸ்ஸி. படிச்சப்ப ரெண்டு பேருக்கும் ஒரே ரூம். நான் விலங்கியல் வாத்தியார் ஆனேன், அவன் ஆராய்ச்சிக்கூடத்திலேயே தங்கிட்டான். ஈரல் புற்றுதான் அவன் வேலை. இத்தனை வருஷமா அவன் அதைப் பேசினா கொட்டாவி விடுவேன். இன்னிக்கு நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டேன்.

"செல்லு கண்டபடி பெருகாம புடிச்சு நிறுத்தறதுக்குன்னே சில ஜீன் கீது மச்சான். உன் கட்டியில அது அழிஞ்சிருக்கணும்னு இல்ல. ஒரு எழுத்து கூட மாறாம அப்டியே இருக்கலாம். ஆனா அது மேல மெத்தில்னு ஒரு ரசாயனம் பொடிப்பொடியா ஒட்டிக்கினு, செல்லை அதைப் படிக்க வுடாது."

"இருந்தும் ஊமை."

"அப்டித்தான் வெச்சுக்கோ."

எடுக்கிற கட்டியில கொஞ்சம் ஆராய்ச்சிக்குத் தருவியான்னு கேக்க அவ்ளோ தயக்கம் அவனுக்கு. என் தட்டுலேர்ந்து கேக்காமலே பரோட்டா பிச்சுத் தின்னவன். தரேன்னேன். "இதால உனக்கு ஒண்ணும் ஆவாது மச்சான். இது மருந்தா வர இன்னும் காலம் கீது." அதையும் மறைக்கல. பஷீர் பஷீர்தான்.

போனப்புறம் அந்த நாள் ஞாபகம். கடைசிப் பரீட்சை முடிஞ்சு, ரயிலை விட்டுட்டு, மறைமலைநகர் வரைக்கும் பாடிக்கிட்டே நடந்தோமே. ரெண்டு பேருக்கும் குரல் கிடையாது.

நவ. 6, வியாழன்

ரத்த ரிசல்ட். ஹெபடைடிஸ் பி. பிறக்கும்போதே அம்மாகிட்டேர்ந்து வந்திருக்கலாம், இத்தனை வருஷமா ஈரல்ல இருந்துதான் இந்த வேலையைப் பண்ணியிருக்குன்னார் டாக்டர். "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? உடனே பாக்கச் சொல்லுங்க."

மேரிக்கு இல்ல. தடுப்பூசி ஆரம்பிச்சாச்சு. வீட்டுக்கு வந்ததும் என் டம்ளர்ல மீதி இருந்த டீயை எடுத்துக் குடிச்சா. "டீயில எல்லாம் ஒட்டாதுன்னு டாக்டரே சொன்னாரில்ல?" இந்த மாதிரி மனைவி.

அம்மா. எங்க சின்ன வயசுல அவளைக் கொண்டுபோன வியாதிக்கு வீட்ல யாரும் பேர் சொன்னதில்ல. "உடம்பு முடியல." அவ்ளோதான்.

சதுரங்கப்பட்டினத்துக்குப் போன் போட்டேன், தங்கச்சி ஸ்டெல்லாவுக்கு. அவ மக ஜெனி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா, எட்டு மாசம். "எனக்கு இன்னாண்ணா? நல்லாத்தான் கீறேன். புள்ளத்தாச்சி இருக்கிற வூட்ல ரத்தம் கித்தம்னுகினு..." வச்சுட்டா.

ஜெனிக்கும் இருந்தா? அந்தக் குழந்தைக்கு?

நவ. 8, சனி

வெயில். மேரி வேணாம்னா. கேக்காம பஸ் ஏறிட்டேன்.

ஸ்டெல்லா வாசல்ல மீன் ஆஞ்சுக்கிட்டிருந்தா. நேராவே சொன்னேன். அம்மாவுக்கு இருந்தது இதுவாத்தான் இருக்கணும், எனக்கு இருக்கு, உனக்கும் ஜெனிக்கும் இருக்கலாம். கை நின்னுடுச்சு.

"அந்தக் கூலிங் கிளாஸு ஞாபகம் கீதாண்ணா?"

மறக்குமா. சவுக்குத்தோப்பு வேலை இல்லாத நாள்ல அம்மா எங்களை மாமல்லபுரம் கூட்டிக்கிட்டுப் போவா. சுண்டல். அலை வந்தா புடவையை முழங்காலுக்குத் தூக்கிக்கிட்டு ஒரு சிரிப்பு, பக்கத்துல நிக்கிறவங்க திரும்பிப் பாப்பாங்க. கடைசியாப் போனப்ப கரையில கறுப்புக் கண்ணாடி ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிட்டா. சினிமாக்காரி மாதிரி இருக்கேம்மான்னு ரெண்டு பேரும் குதிச்சோம். வீட்டுக்குள்ளயும் கழட்டல. கண்ணு மஞ்சளானதை நாங்க பாக்கக் கூடாதாம். அது எங்களுக்குப் பிற்பாடுதான் புரிஞ்சுது.

"அவ போனப்புறம் அதைப் போட்டுகினு தெருவெல்லாம் சுத்தினேண்ணா நானு." அழுதா. அப்புறம் எழுந்து கை கழுவினா. "ஜெனி, பொடவைய மாத்துடீ. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

மீன் பாதியில கிடந்துச்சு. பூனைக்கு யோகம்.

நவ. 12, புதன்

ஸ்டெல்லாவுக்கு இருக்கு. ஈரல் இன்னும் கெடல. மாத்திரை, ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன்.

ஜெனிக்கும் இருக்கு. கிருமி ரொம்ப அதிகம். மாத்திரை இன்னிக்கே தொடங்கியாச்சு. குழந்தை பிறந்த உடனே தடுப்பூசி, கூடவே இன்னொரு ஊசி. போட்டா பெரும்பாலும் தப்பிச்சுக்கும்னு டாக்டர். பெரும்பாலும். சாயங்காலம் பூரா இந்த ஒரு வார்த்தையோட உட்கார்ந்திருந்தேன்.

நவ. 19, புதன்

நாளைக்கு ஆபரேஷன். பை: லுங்கி 2, துண்டு, பைபிள் (மேரி), சார்ஜர். பயம். வேற எழுத ஓடல.

டிச. 3, புதன்

வீடு. தையல் இழுக்குது. இருமக் கூட முடியல. கட்டியை முழுசா எடுத்தாச்சுன்னு டாக்டர்.

பஷீர் வந்தான். என் கட்டியைப் பாத்துட்டானாம். அவன் நினைச்ச மாதிரியே அந்த ஜீன் மெத்தில் ஏறி வாயடைச்சுக் கிடக்கு. ஆனா கட்டியை ஒட்டியிருந்த ஈரல்லயும் அங்கங்க ஏற ஆரம்பிச்சிருக்காம். சொல்லும்போது என் முகத்தைப் பாக்கல.

"திரும்ப வரும்னு அர்த்தமாடா?"

"வரலாம். வராமலும் போலாம். இதை மட்டும் வெச்சு எந்த டாக்டரும் முடிவு பண்ண மாட்டாரு. நீ மாத்திரையும் ஸ்கேனும் வுடாத, அவ்ளோதான்."

திடீர்னு எங்க பழைய ஹாஸ்டல் வார்டன் மாதிரி பேசிக் காட்ட ஆரம்பிச்சான். சிரிச்சா தையல் வலிக்குதுடா, நிறுத்துடான்னு கெஞ்சினேன். நிறுத்தல. ரெண்டு பேர் கண்லயும் தண்ணி.

டிச. 15, திங்கள்

மழை. நாஸ்தா இட்லி, ரெண்டு இறங்குச்சு.

ஸ்டெல்லா போன். பொண்ணு. பிறந்த கையோட ரெண்டு தொடையிலயும் ஊசி போட்டாச்சாம். தப்பிச்சுதான்னு உறுதியாத் தெரிய ஒரு வருஷம் ஆகும். "இரு, உன் பேத்திய நீயே கேளு"ன்னு போனைக் குழந்தைகிட்ட வச்சா.

என்னா தொண்டை.